பத்தில் ஒரு பங்கு: மேலூர் டங்ஸ்டன் ஏலமும் ஊர்களின் எதிர்ப்பும், 2024–25

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் ஒரு சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலமே ரத்தானது. இடைப்பட்ட காலம் பதினோரு வாரம். மத்திய அரசு முடித்து வைத்த ஓர் ஏலத்தைக் கிராமங்கள் சேர்ந்து திரும்பப் பெற வைப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அதனால், எந்தக் கட்டத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது, ஏன் எடுக்கப்பட்டது என்பதை வரிசைப்படி பதிந்து வைப்பது மற்ற ஊர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஊர்மக்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. பொதுப் பதவியில் இருந்தவர்களை மட்டும் பெயரோடு குறித்திருக்கிறேன்.

## பின்னணி: ஊர்கள்

மேலூர் வட்டத்தின் ஒரு பகுதி பெரியாற்றுக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில் வருகிறது. கால்வாய்த் தண்ணீர் எட்டாத ஊர்கள் கண்மாயை நம்பியவை. கண்மாய்க்குத் தண்ணீர் தருவது சுற்றியுள்ள சிறு குன்றுகள். மழை பெய்தால் பாறைச் சரிவில் ஓடிவரும் நீர் ஓடைகளில் இறங்கிக் கண்மாயை நிரப்பும். ஆகவே இந்த ஊர்களில் மலையும் வயலும் தனித்தனிச் சொத்தாகப் பார்க்கப்படுவதில்லை. மலை போனால் கண்மாய் போகும், கண்மாய் போனால் நெல் போகும் என்பது அங்கே வளரும் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தக் குன்றுகளில் ஒரு தொகுதி அரிட்டாபட்டியில் இருக்கிறது. அங்கே பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் உண்டு. சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. பக்கத்து மீனாட்சிபுரத்தின் மலையில் உள்ள கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் சீவல் கண்டறிந்தார். மாங்குளம் கல்வெட்டு என்று பாடநூல்களில் வருவதும், நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கி நிற்பதும் அதுதான்.

2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளில் 193.215 ஹெக்டேரை உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசு கணக்குக் கொடுத்தது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளைச் சிறப்பாகக் குறிப்பிட்டது. உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி இப்படி ஓர் இடத்தை அறிவிக்கும்போது உள்ளாட்சி அமைப்பைக் கலந்து பேச வேண்டும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

இன்னொரு அனுபவமும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. மேலூர்ப் பகுதிக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் 2012-ல் பெரிதாக வெளியே வந்தன. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. வாய்க்கால் தூர்ந்ததையும், கண்மாய்க்குள் கழிவுக் கல் குவிந்ததையும் மக்கள் கண்ணால் பார்த்தவர்கள். மலையை அறுத்தால் பிறகு என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

## பின்னணி: சட்டம்

டங்ஸ்டன் மிகக் கடினமான உலோகம். உருகுநிலை 3,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். வெட்டுக் கருவிகள் முதல் போர்த்தளவாடங்கள் வரை பயன்படுகிறது. உலக உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு சீனாவின் கையில் இருப்பதால், உள்நாட்டிலேயே எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விரும்பியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நோக்கத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

2023-ல் சுரங்கம் மற்றும் கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டது. டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போனது. ஏல வருவாய் மாநிலத்துக்கு வரும். ஏலத்தில் வென்றவருக்கு விருப்பக் கடிதம் (குத்தகைக்கு முன் தரும் ஒப்புதல் கடிதம்) கொடுப்பதும் குத்தகை எழுதுவதும் மாநிலத்தின் வேலை. ஆனால் எந்த இடத்தை ஏலம் விடுவது என்று முடிவெடுப்பது டெல்லி. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, இந்தக் கனிமங்களை மத்திய அரசு ஏலம் விடுவதை ஆட்சேபித்துத் தமிழகக் கனிமவளத் துறை அமைச்சர் கடிதம் எழுதினார்.

இந்த நடைமுறையில் கிராமத்தின் முறை எப்போது வருகிறது என்று பார்த்தால், கடைசியில்தான். முதலில் புவியியல் ஆய்வறிக்கை, பிறகு ஏலம், பிறகு உரிமம். அன்றைய விதிப்படி, சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக் கேட்கும் கட்டம் அதற்கும் பிறகு. அதற்குள் ஒரு நிறுவனம் ஏலத்தில் வென்று, பணம் கட்டி, எதிர்பார்ப்போடு காத்திருக்கும். பறவைக்காக ஓர் இடத்தை அறிவிக்க ஊராட்சியிடம் பேச வேண்டும்; அதே இடத்தின் அடியில் இருக்கும் கனிமத்தை ஏலம் விட யாரிடமும் பேச வேண்டியதில்லை. மேலூரில் வெடித்த கோபத்தின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது.

## ஏல அறிவிப்பு

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிடப்பட்ட 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், 2024 பிப்ரவரியில் ஏலத்துக்கு வந்தது. நவம்பர் 7 அன்று வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. தொகுதிக்குள் அரிட்டாபட்டி, அ. வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி உள்ளிட்ட ஊர்களின் நிலம் வந்தது.

பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் இடையே ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் விவரம் இணையதளத்தில் திறந்தே இருந்தது. ஊருக்கு மட்டும் தெரியவில்லை. இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கனிமத் தொகுதியின் எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளால் குறிக்கிறார்கள். பாறையின் போக்கைப் பார்த்துப் போட்ட கோடு அது. ஊர் எல்லையோ கண்மாய்க் கரையோ அதற்குக் கணக்கில்லை. ஒரு விவசாயி தன் நிலத்தை அறிவது சர்வே எண்ணால், பட்டாவால், பக்கத்துக்காரர் வரப்பால். மேலும் தொகுதிக்கு வைத்த பெயர் நாயக்கர்பட்டி. அரிட்டாபட்டிக்காரரோ வல்லாளப்பட்டிக்காரரோ அந்தத் தலைப்பைப் பார்த்து, இது தன் வயல் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? மறைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கப்படப் போகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் எதுவும் அவர் கைக்குப் போகவில்லை.

## முதல் முடிவு: கிராம சபை

நவம்பர் 23 அன்று மாநிலமெங்கும் கிராம சபைக் கூட்டங்கள் நடந்தன. உள்ளாட்சி தினத்தையொட்டி நவம்பர் 1-ல் நடந்திருக்க வேண்டிய கூட்டம் தள்ளி வைக்கப்பட்டு அன்று நடந்தது. அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன.

சட்டப்படி இந்தத் தீர்மானங்களால் ஏலத்தை நிறுத்த முடியாது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது, 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது. அங்கே பழங்குடியினரின் வன உரிமைச் சட்டம் கை கொடுத்தது. மேலூரின் பட்டா நிலத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. அ. வல்லாளப்பட்டி பேரூராட்சி என்பதால் அதற்குக் கிராம சபையே கிடையாது.

இருந்தும் இந்த முடிவு சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். போராட்டத்துக்கு முன்பே எழுத்தில் ஒரு மறுப்பு பதிவானது. ‘யாரோ தூண்டிவிட்டார்கள்’ என்று பின்னால் சொல்ல முடியாதபடி, ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் ஊர்மக்கள் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன. ஆறு நாள் கழித்து, நவம்பர் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஏலத்தை ரத்து செய்யக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தான் முதலமைச்சராக இருக்கும்வரை இந்தச் சுரங்கம் வராது, வந்தால் பதவியில் இருக்க மாட்டேன் என்று அவர் அவையில் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. ஏலம் அறிவிக்கப்பட்டதிலிருந்து முடிவு வரும்வரை மாநிலம் எதிர்க்கவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே எதிர்த்து எழுதினோம் என்றது மாநில அரசு. இரண்டு பக்கமும் கடிதங்கள் இருந்தன. அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்த காலத்தில் நிலத்துக்காரருக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

## திருப்பம்: டிசம்பர் 24

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் நாள் இதுதான்.

அதுவரை வெளியுலகில் போராட்டத்தின் முகம் அரிட்டாபட்டி. பத்திரிகைகளும் சூழலியலாளர்களும் பாரம்பரியத் தலம், கழுகு, கல்வெட்டு, குடைவரை என்றே பேசினார்கள். அந்த வாதத்துக்கு வலு இருந்தது. அரசே வெளியிட்ட அறிவிப்பு அதற்குச் சான்று. ஆனால் அந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. தொகுதியின் பரப்பு 20.16 சதுர கிலோமீட்டர். பாரம்பரியத் தலம் அதில் 1.93 சதுர கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்குகூட முழுதாக வரவில்லை.

டிசம்பர் 24 அன்று மத்திய அரசு அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டது. பாரம்பரியத் தலத்தை விலக்கித் தொகுதியின் எல்லையை மாற்றி அமைக்க முடியுமா என்று மறு ஆய்வு செய்யும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. அதுவரை விருப்பக் கடிதம் வழங்குவதை நிறுத்தி வைக்கும்படி மாநில அரசிடம் சொன்னது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது பாதி வெற்றி போலத் தெரிந்தது. அரிட்டாபட்டிக்கு இது கிட்டத்தட்ட முழு வெற்றி. மலை தப்பியது, கோயில் தப்பியது, பறவை தப்பியது. மீதி ஒன்பது பங்கு நிலம்? அங்கே அறிவிக்கப்பட்ட பாரம்பரியத் தலம் கிடையாது. வீடும் வயலும் கண்மாயும் குலதெய்வக் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தன. அவற்றை யாரும் பாரம்பரியம் என்று அறிவித்திருக்கவில்லை.

ஊர்களுக்கு முன்னால் அப்போது இரண்டு வழி இருந்தது. எல்லை மாற்றத்தை ஏற்று, தலத்தை உறுதியாகக் காப்பாற்றிக்கொள்வது ஒன்று. மொத்த ஏலமும் ரத்தாக வேண்டும் என்று நின்று, கிடைத்ததையும் பணயம் வைப்பது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. இந்த வட்டாரத்தில் ஊர்க் காரியங்களை மந்தையில் (ஊர்ப் பொதுத் திடலில்) கூடி முடிவெடுப்பது இன்றும் வழக்கம். ஒரு கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. ஓர் ஊர்ப் பெண் அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு கோயில் திருவிழாவுக்குப் பல ஊர் சேர்ந்து வரி போடுகிறது. ‘உன் ஊரை விட்டுவிடுகிறோம், அடுத்த ஊரில் தோண்டுகிறோம்’ என்று சொன்னால் அதை ஏற்கும் ஊருக்கு அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் முகம் கொடுக்க முடியாது. தண்ணீர்க் கணக்கும் இதையே சொன்னது: பக்கத்தில் திறந்தவெளிச் சுரங்கம் வந்தால், கோடு போட்டு விலக்கிய மலையின் ஊற்று மட்டும் எப்படிப் பழையபடி ஓடும்?

## ஜனவரி 7: நடைப்பயணம்

எல்லை மாற்றத்துக்கு ஊர்கள் கொடுத்த பதில் 2025 ஜனவரி 7 அன்று தெருவில் தெரிந்தது. மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டிய நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாகப் போனார்கள். மேலூரில் வணிகர்கள் கடையடைத்தார்கள். வழியில் காவல்துறை தடுத்தது. கூட்டம் கலையாமல் நகரை நோக்கி நகர்ந்தது.

புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். புறப்பட்டது நரசிங்கம்பட்டி: பாரம்பரியத் தலத்துக்கு வெளியே, தொகுதிக்கு உள்ளே இருக்கும் ஊர். எல்லையை மாற்றினாலும் தொகுதிக்குள்ளேயே இருந்துவிடக்கூடிய ஊரிலிருந்தே நடை தொடங்கியது. போய்ச் சேர்ந்தது மத்திய அரசின் அலுவலகம். முடிவு எங்கே எடுக்கப்பட்டதோ அந்த அரசை நோக்கியே கோரிக்கை திருப்பப்பட்டது.

அதன்பின் கலந்துகொண்டவர்களில் ஐயாயிரம் பேர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. ஒரு மாதம் முன்பு சட்டமன்றம் ஏகமனதாகச் சொன்னதைத்தான் இந்த மக்களும் தெருவில் சொன்னார்கள். அனுமதி, போக்குவரத்து என்று காவல்துறைக்குச் சட்டக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அவையில் சொன்னால் தீர்மானம், சாலையில் சொன்னால் வழக்கு என்ற நிலை விவசாயிக்கு என்ன செய்தியைக் கொடுக்கும் என்பதை யோசித்திருக்க வேண்டும். வழக்கு என்பது ஊர்ப்புறத்தில் சின்ன விஷயம் இல்லை. பாஸ்போர்ட் எடுக்கப் போகும் இளைஞர் முதல் காவலர் தேர்வு எழுதுகிறவர் வரை ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பயம் இருக்கும்.

## முடிவு

ஜனவரி 22 அன்று ஊர்களின் பிரதிநிதிகள் டெல்லியில் மத்தியச் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். அப்போதைய மாநில பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை அவர்களை அழைத்துப் போனார். மறுநாள், ஜனவரி 23 அன்று, ஏலம் முழுமையாக ரத்து செய்யப்படுவதாகச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. வந்து குவிந்த மனுக்களையும், பகுதியின் உயிர்ப்பன்மையையும் பண்பாட்டுச் சின்னங்களையும் காரணமாகச் சொன்னது. எல்லை மாற்றம் என்ற பேச்சு அதோடு நின்றது.

போராட்டத்தின்போது பதிவான வழக்குகளில் 11,608 பேர் மீதானவற்றைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஜனவரி 26 அன்று முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கும் வல்லாளப்பட்டிக்கும் வந்தார். இது யாருடைய வெற்றி என்ற வாதம் கட்சிகளுக்குள் பல நாள் ஓடியது. ஊர்கள் அந்த வாதத்தில் பெரிதாக இறங்கவில்லை. டெல்லிக்கு ஒரு கட்சியோடு போனவர்கள், ஊருக்கு வந்த இன்னொரு கட்சியின் முதலமைச்சரை வரவேற்றார்கள். எந்தக் கதவையும் சாத்தாமல் வைத்திருந்தது அவர்கள் எடுத்த முடிவுகளில் மிக நிதானமானது.

## வேறுவிதமாக நடந்திருக்க வேண்டியவை

ஏலத்துக்கு முன் தொகுதியின் வரைபடத்தைச் சர்வே எண்ணோடு, தமிழில், ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டியிருக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. இதைச் செய்திருந்தால் நவம்பரில் கிளம்பிய எதிர்ப்பு பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கும். ஒரு நிறுவனம் ஏலம் கேட்டு வென்று, பிறகு அதை இழக்கும் நிலையும் வந்திருக்காது.

புவியியல் அறிக்கை பாறையைப் பார்த்து எழுதப்படுவது. தொல்லியல், பாசனம், குடியிருப்பு ஆகிய மூன்றையும் அதே வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும் வேலை ஏலத்துக்கு முன்பே நடக்க வேண்டும். நிலவிவரம் மாநிலத்திடம்தான் இருக்கிறது. தன் கையால் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் ஏலப் பட்டியலில் வரும்போது, அதைத் தகவலாகக் குறிப்பிடுவதோடு நில்லாமல், இதை நீக்குங்கள் என்று மாநிலம் அந்தத் தொகுதியின் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயம் இன்னும் திறந்தே கிடக்கிறது. காவிரி டெல்டாவில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) எடுப்பதை எதிர்த்த நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்குப் பிறகு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. மேலூருக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஏலம் ரத்தானது ஒரு நிர்வாக முடிவு; சட்டத்தில் எதுவும் மாறவில்லை. பாதுகாப்பு என்று காகிதத்தில் இருப்பது இன்றும் அந்த 193 ஹெக்டேர் மட்டும்தான்.

2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கிய கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்கிறது அது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மேலூரில் கடைசியாகவாவது வந்திருக்கக்கூடிய கருத்துக் கேட்பு, அடுத்து பட்டியலில் ஏறும் ஊருக்குக் கிடையாது. அந்த ஊர், ஏல அறிவிப்பு வரும் நாளிலேயே கிராம சபையைக் கூட்டியாக வேண்டும்.